வாசகியை உருவாக்கிய வை.மு.கோ.

கடந்த கோடை விடுமுறையின் தொடக்கத்தில், வேங்கிக்காலில் எங்கள் தெருவைச் சேர்ந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் என்னைக் காண வந்தனர். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஒரு மணி நேரம் கூடி நாவல் படிக்கலாம் என்று முடிவு செய்திருப்பதாகவும், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் தங்கள் மகள்களையும் சேர்த்துக்கொள்ளப்போவதாகவும் கூறினர். படிக்கத்தக்க நாவல்களின் பட்டியல் ஒன்றை நான் எழுதித்தர வேண்டும் என்பது கோரிக்கை. கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பாடத்திட்டம் தயாரிப்பது பழகிப்போன வேலை. இரண்டே நாள்களில் இருபது நாவல்களை வரிசைப்படுத்திவிட்டேன்.

பட்டியலைப் பெற்றுக்கொள்ள வந்தவர்களில் ஒருவர் மட்டும் தயங்கி நின்றார். பத்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்தியவர். இருபது ஆண்டுகளாக மளிகைச் சீட்டையும் பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையையும் தவிர வேறெதையும் படித்ததில்லை என்றார். ஒரு பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் முதல் வரி மறந்துவிடுகிறதாம். தன்னைப் போன்றவர் தொடங்குவதற்கு இந்த இருபதில் எது உகந்தது என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. நான் தொகுத்திருந்தவை அனைத்தும் ஏற்கெனவே வாசகர்களாக இருப்பவர்களுக்கான நாவல்கள். வாசகர் ஆகாத ஒருவரை வாசகராக்குவது எப்படி என்பது அந்தப் பட்டியலில் இடம்பெறவே இல்லை.

அந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாகத் தந்த ஒருவர் தமிழில் இருந்தார். 115 நாவல்களை எழுதியவர். முப்பத்தைந்து ஆண்டுகள் மாத இதழ் நடத்தியவர். பள்ளிக்கூடத்தின் படியை மிதிக்காதவர். அவர் வை.மு. கோதைநாயகி அம்மாள்.

1901-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி பிறந்த கோதைநாயகி, கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தார். பாட்டியின் அரவணைப்பிலும் உறவினர் ஆதரவிலும் வளர்ந்தார். 1907-இல், ஐந்தரை வயதில், திருவல்லிக்கேணியைச் சேர்ந்த வை.மு. பார்த்தசாரதிக்கு மணம் முடிக்கப்பட்டார். மணமகனும் சிறுவனே. வைத்தமாநிதி முடும்பை என்னும் குடும்பப் பெயரின் சுருக்கமே வை.மு. என்பது. கம்பராமாயணத்துக்கு உரை கண்ட வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியாரைப் போன்ற தமிழறிஞர்களைத் தந்த மரபு அது. நூல்கள் நிறைந்த குடும்பத்துக்கு மருமகளாகச் சென்றவருக்கு, தாமே ஒரு நூலை எடுத்துப் படிக்கும் பயிற்சி அப்போது இருக்கவில்லை.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 1921-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியப் பெண்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. பெண்ணின் திருமண வயதைப் பதினான்காக நிர்ணயித்த சாரதா சட்டம் 1929-இல்தான் வந்தது. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்ற கேள்வி, அன்றைக்குக் கேள்வியாகவே கருதப்படவில்லை. அது முடிவாகிவிட்ட விஷயம். வங்கத்தில் ராஸ்சுந்தரி தேவி என்னும் குடும்பப்பெண், பத்தொன்பதாம் நூற்றாண்டில், சமையலறையில் ஒளித்துவைத்த ஓர் ஏட்டைக் கொண்டு யாருமறியாமல் படிக்கக் கற்றுக்கொண்டு, பின்னர் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். கோதைநாயகிக்கு அந்த மறைவு தேவைப்படவில்லை. புகுந்த வீட்டுப் பெரியவர்கள் திருவாய்மொழியையும் காவியங்களையும் சொல்லக் கேட்டு மனத்தில் பதித்துக்கொண்டார். கேள்விச் செல்வமே அவருடைய முதல் கல்வி.

அந்தச் செல்வம் மாலை நேரங்களில் கதைகளாக வெளிப்பட்டது. வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள குழந்தைகளைக் கூட்டிவைத்துக் கோதைநாயகி கதை சொல்வார். கேட்ட கதைகள் தீர்ந்தபின் தாமே புனைந்து சொல்லத் தொடங்கினார். குழந்தைகளுக்குப் பின்னால் பெரியவர்களும் வந்து நின்று கேட்டனர். மனைவியின் திறமையை முதலில் கண்டுகொண்டவர் பார்த்தசாரதி. அவரை நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். குடும்பப்பெண் நாடகக் கொட்டகைக்குச் செல்வதை ஊர் ஏளனமாகப் பார்த்த காலத்தில், கணவரே உடன் அழைத்துச் சென்றது சிறிய செயல் அன்று. கண்ட நாடகங்களைப் போலத் தாமும் ஒன்றைப் படைக்க வேண்டும் என்ற எண்ணம் கோதைநாயகிக்கு அங்கேதான் பிறந்தது.

கதை மனத்தில் முழுமையாக இருந்தது. அதைத் தாளில் இறக்கும் கைப்பழக்கம் இல்லை. தோழி பட்டம்மாள் உதவிக்கு வந்தார். கோதைநாயகி சொல்லச் சொல்லப் பட்டம்மாள் எழுதினார். இவ்வாறு உருவான இந்திரமோகனா என்னும் நாடகம் 1924-இல் நூலாக வெளிவந்து பாராட்டுப் பெற்றது. அதன் பிறகு அவர் விடாமுயற்சியுடன் எழுதப் பழகித் தம் கதைகளைத் தாமே எழுதலானார். நூலாசிரியர் என்று பெயர் வாங்கிய பிறகு ஒருவர் எழுதப் பழகினார் என்பது இலக்கிய வரலாற்றில் அபூர்வமான செய்தி. தமிழின் நவீனப் பெண்ணெழுத்தின் தொடக்கக் கட்டத்தில், வாயால் சொன்ன ஒருவரும் கையால் எழுதிய ஒருவருமாக இரண்டு பெண்கள் ஒரே விளக்கொளியில் அமர்ந்திருந்தனர் என்பதை நாம் போதிய அளவு நினைவுகூர்வதில்லை.

அடுத்து வைதேகி என்னும் நாவல். அக்காலத்தில் நாவல் என்றால் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோரின் பெயர்களே முன்னே வரும். மர்மமும் துப்பறிதலும் எதிர்பாராத் திருப்பங்களும் நிறைந்த அந்தக் கதைகள் மக்களைப் படிக்க வைத்தன. நின்றுபோயிருந்த ஜகன்மோகினி என்னும் இதழை வாங்கி நடத்தும்படி கோதைநாயகிக்கு யோசனை கூறியவர் வடுவூராரே. 1925-இல் அந்த இதழைக் கோதைநாயகி ஏற்றார்.  வைதேகி அதில் தொடராக வந்தது. பின்னாளில் தம் இல்லத்திலேயே சொந்த அச்சகத்தையும் அமைத்துக்கொண்டார்.

ஜகன்மோகினியின் வெற்றியைப் பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் நான் மிகவும் மதிக்கிறேன். இருக்கும் தேவையை நிறைவு செய்யும் வணிகம் எளிது. இல்லாத தேவையை உருவாக்குவது கடினம். தமிழ்ப் பெண்களில் பெரும்பாலோர் எழுத்தறியாத, கையில் சொந்தப் பணம் இல்லாத காலத்தில், அவர்களையே முதன்மையான வாசகர்களாகக் கருதி ஓர் இதழை நடத்துவது எந்தக் கணக்குக்கும் ஒத்துவராத முயற்சி. ஆனால், ஒரு பிரதி ஒருவரோடு நிற்கவில்லை என்பதைக் கோதைநாயகி அறிந்திருந்தார். எழுத்தறிந்த ஒரு பெண் படிக்க, சுற்றி அமர்ந்து பலர் கேட்டனர். அவர்கள் அனைவருமே அவருடைய வாசகர்கள். கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லிப் பழகியவர் ஆதலால், காதால் கேட்பவருக்கும் புரியும்படி எழுதினார். தொடக்கக்கால நாவல்களில் உரையாடல் மிகுந்து நாடகம்போல் இருப்பதைக் குறையாகச் சொல்வார்கள். உரக்கப் படிப்பதற்கு அதைவிட வசதியான வடிவம் வேறில்லை.

எதிர்ப்பும் வந்தது. குடும்பப்பெண் கதை எழுதுவதும், அதைப் பெயருடன் அச்சிடுவதும், மேடையேறிப் பேசுவதும் குலத்துக்கு இழுக்கு என்று ஏசியவர்கள் இருந்தனர். அவரது எழுத்தைப் படித்து மற்றப் பெண்களும் கெட்டுப்போவர் என்றனர். ஏளனத்தின் ஒரு பங்கு கணவரையும் சேர்ந்தது. பார்த்தசாரதி அதைப் பொருட்படுத்தாமல் இதழின் பணிகளில் துணை நின்றார். ஒரு பெண்ணின் சாதனைக்குப் பின்னால் நின்ற ஆணைப் பற்றி நாம் அதிகம் எழுதுவதில்லை. எழுத வேண்டியவர்களில் பார்த்தசாரதி ஒருவர்.

1925-இல் காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது, சீனிவாச ஐயங்காரின் இல்லத்தில் அவரைச் சந்திக்கும் வாய்ப்பு கோதைநாயகிக்குக் கிட்டியது. அதன் பின் பட்டையும் நகைகளையும் துறந்து கதர் உடுத்தலானார். அம்புஜம்மாள் போன்றோருடன் இணைந்து பொதுப்பணியில் இறங்கினார். கதை சொல்லிப் பழகிய நா மேடையில் எளிதாகப் பேசியது. பேச்சின் நடுவே குட்டிக் கதைகளைச் சொல்லிக் கூட்டத்தைக் கட்டிப்போடுவார். இனிய குரல்வளமும் இசைப் பயிற்சியும் உடையவர் ஆதலால் கூட்டங்களில் பாடுவார். டி.கே. பட்டம்மாள் மேடையேறிப் பாட ஊக்கமளித்தவர்களுள் இவரும் ஒருவர்.

1930-களின் தொடக்கத்தில், கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணிப் புறக்கணிப்பிலும் ஈடுபட்டதற்காகச் சிறை சென்றார். சட்ட மறுப்பு இயக்கக் காலத்தில் சென்னை மாகாணத்தின் பெண் கைதிகள் பலர் அடைக்கப்பட்ட வேலூர்ச் சிறையில் அவரும் இருந்தார். எங்கள் வேங்கிக்கால் வழியாகச் செல்லும் வேலூர்ச் சாலையில் பேருந்துகள் விரையும்போது அந்தச் சிறைவாசம் சில வேளைகளில் என் நினைவுக்கு வரும். திருவல்லிக்கேணியில் இதழ் நிற்காமல் கணவர் பார்த்துக்கொண்டார். சிறையில் கோதைநாயகி உடன் இருந்த பெண்களின் கதைகளைக் கேட்டார். அங்கேயும் நாவல் எழுதினார். சோதனையின் கொடுமை, உத்தமசீலன் ஆகியவை அந்த அனுபவத்தோடு தொடர்புடையவை.

அப்படி என்னதான் எழுதினார்? குழந்தை மணம், வரதட்சிணை, கைம்பெண்களின் துயரம், குடியால் அழியும் குடும்பம், பெண்ணுக்குக் கல்வி மறுக்கப்படும் கொடுமை ஆகியவை அவருடைய நாவல்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன. அவற்றை நேரடிப் பிரசாரமாகச் சொன்னால் எந்த வீட்டுப் பெரியவரும் இதழை உள்ளே விட்டிருக்க மாட்டார். காணாமற்போன கடிதம், ஆள்மாறாட்டம், பிரிந்தவர் கூடுதல் என்ற சுவையான பொதியுடன் சேர்த்தே அவர் அந்தக் கேள்விகளைச் சமையலறை வரை கொண்டுபோனார். ஒரு கைம்பெண்ணின் மறுமணத்தைக் கதையில் ஏற்றுக்கொண்ட வாசகி, தன் வீட்டில் அத்தகைய பேச்சு எழும்போது முன்போல் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டாள். சட்டமும் இயக்கமும் செய்ய வேண்டிய பணிகள் வேறு. நாவல் செய்யக்கூடிய பணி இது.

அவருடைய நாவல்களின் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. 115 நாவல்களும் ஒரே தரத்தன அல்ல. மாதந்தோறும் இதழை நிரப்ப வேண்டிய அவசரம் பல பக்கங்களில் தெரியும். நம்ப முடியாத தற்செயல்கள் உண்டு. நல்லவர் முற்றிலும் நல்லவராகவும் தீயவர் முற்றிலும் தீயவராகவும் இருப்பர். நீதிபோதனை சில இடங்களில் கதையை மறித்துக்கொண்டு நிற்கும். பெரும்பாலும் அவர் அறிந்த சமூகத்தின், அவர் அறிந்த வகுப்பின் வீடுகளே கதைக்களம். வயலிலும் தறியிலும் உழைத்த பெண்கள் தமிழ் நாவலுக்குள் முழு உருவுடன் வருவதற்கு இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின. ஆயினும், அந்தப் பெண்களைப் பற்றி எழுதப்பட்ட நாவல்களைப் படிக்கப் பிற்காலத்தில் ஒரு பெண் வாசகர் கூட்டம் காத்திருந்தது என்றால், அதைத் திரட்டியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் வை.மு.கோ.

திரையுலகமும் அவரை நாடியது. ராஜமோகன் 1937-இலும், ஜூபிடர் நிறுவனத்தின் அனாதைப் பெண் 1938-இலும் அவருடைய நாவல்களைத் தழுவி வெளிவந்தன. தயாநிதி என்னும் நாவலை அடியொற்றி கே.எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கிய சித்தி, பத்மினியும் எம்.ஆர். ராதாவும் நடிக்க, 1966-இல் வந்தது. தம்பியின் மருத்துவப் படிப்புச் செலவுக்காக, பிள்ளைகள் பலர் உள்ள வயதான ஒருவரை மணந்துகொள்ளும் பெண்ணின் கதை அது. ஆணின் கல்விக்கு ஆகும் செலவைப் பெண்ணின் வாழ்விலிருந்து எடுத்துக் கொடுக்கும் குடும்பக் கணக்கை, எந்தப் பொருளாதாரப் பாடநூலையும்விடத் தெளிவாக அந்தப் படம் காட்டியது. அந்த வெற்றியைக் காண அவர் உயிருடன் இல்லை.

கல்கியும் ஆனந்த விகடனும் பெருகிய பின் வாசகர்களின் சுவை மாறியது. உலகப் போர்க்காலத்தின் காகிதக் கட்டுப்பாட்டையும் கடந்து ஜகன்மோகினி நடந்தது. காந்தியடிகளின் மறைவுக்குப் பின் 1948-இல் மகாத்மாஜி சேவா சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தொண்டு செய்தார். ஒரே மகன் சீனிவாசனின் அகால மரணம் அவரை உருக்குலைத்தது. காசநோய் கண்டு தாம்பரம் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவந்தவர், 1960-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் தேதி காலமானார். வயது ஐம்பத்தெட்டு.

அதன் பின் அவர் மறக்கப்பட்ட வேகம் வியப்பளிக்கிறது. இலக்கிய விமர்சனம் அவரைப் பொழுதுபோக்கு எழுத்தாளர் என்ற ஒரு சொல்லில் கடந்துசென்றது. பெண்கள் படித்தது என்பதே அதை எளிதாகத் தள்ளிவிடக் காரணமாயிற்று. இதில் விமர்சகர்களை மட்டும் குறைகூற எனக்குத் தகுதியில்லை.

என் பாட்டி ஆரணியில் பட்டு நெசவுத் தெரு ஒன்றில் வாழ்ந்தவர். அடுத்த வீட்டுப் பெண் ஜகன்மோகினியை உரக்கப் படிக்க, பாட்டி தேங்காய் துருவிக்கொண்டோ பாக்கு வெட்டிக்கொண்டோ கேட்பாராம். ஒருமுறை கதை பாதியில் இருக்கும்போது அந்தப் பெண் பிரசவத்துக்காகத் தாய்வீடு சென்றுவிட்டார். இதழ் வந்துகொண்டிருந்தது, படித்துச் சொல்ல ஆளில்லை. கதாநாயகி என்ன ஆனாள் என்பதை அறியாமல் பாட்டியால் இருக்க முடியவில்லை. என் பெரிய மாமாவின் அரிச்சுவடியை எடுத்துவைத்துக்கொண்டு, அவரையே ஆசானாக்கி, எழுத்துக் கூட்டத் தொடங்கினார். அப்போது அவருக்கு இரண்டு குழந்தைகள். அப்படிப் படித்த தொடர்களைத் தைத்துத் தொகுதிகளாக வைத்திருந்தார். பிறகு அவை என் தாயிடம் வந்தன. எங்கள் குடும்பத்தில் பெண்களின் எழுத்தறிவு தொடங்கிய இடம் அந்தத் தொகுதிகளே.

1980-களில் கல்லூரி விரிவுரையாளராகி வீடு மாறியபோது, புதிய வீட்டில் இடம் போதாது என்று அவற்றைப் பழைய தாள் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டேன். ஆராய்ச்சி நூல்களை மட்டும் கவனமாகக் கட்டி எடுத்துச் சென்றேன். அம்மா கோபிக்கவில்லை. மேலட்டை இல்லாத அந்தத் தொகுதியும் போய்விட்டதா என்று மட்டும் கேட்டார். போய்விட்டது என்றேன். அதைப் பற்றி அவர் பிறகு பேசவேயில்லை. கிலோவுக்கு எவ்வளவு கிடைத்தது என்பது இன்று எனக்கு நினைவில்லை. பொருள்களின் மதிப்பைப் பற்றி மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவன் செய்த கணக்கு அது.

ஆகவே, எங்கள் தெருப் பெண்களுக்குத் தந்த பட்டியலைத் திரும்பப் பெற்றுக்கொண்டு மாற்றி எழுதினேன். முதல் விதி, கடினமானதிலிருந்து தொடங்கக் கூடாது. அருகிலிருப்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் அநுத்தமாவின் கேட்ட வரம் முதலிடம் பெற்றது. நம் மாவட்டத்துக் கேட்டவரம்பாளையத்தையும் அவ்வூரின் இராமநவமி பஜனையையும் பின்னணியாகக் கொண்ட நாவல். தெரிந்த ஊர்ப் பெயரைக் கதையில் காண்பது, புதிய வாசகருக்குத் தெரிந்த முகத்தைக் கூட்டத்தில் காண்பதற்கு ஒப்பானது.

அடுத்து லக்ஷ்மியின் பெண் மனம், மிதிலா விலாஸ். மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது, போர்க்காலத்தில் வீட்டிலிருந்து பணம் வருவது கடினமானதால், கதை எழுதிக் கிடைத்த வருவாயைக் கொண்டு படிப்பைத் தொடர்ந்தவர் லக்ஷ்மி. மகளின் படிப்புக்குப் பணம் போதாமல் கலங்கும் தாய்மார்களுக்கு அவருடைய நாவல்களைப் போலவே அவருடைய வாழ்க்கையும் படிக்கத்தக்கது. பின்னர் ராஜம் கிருஷ்ணன். பதினைந்து வயதில் மணமாகி, கல்லூரிக்குச் செல்லாமலே எழுத வந்தவர். களத்துக்கே சென்று தங்கிப் பார்த்து எழுதியவர். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் வாழ்வைச் சொல்லும் கரிப்பு மணிகளையும், தஞ்சைப் பகுதி விவசாயத் தொழிலாளர்களுக்காகப் போராடிய மணலூர் மணியம்மையைப் பற்றிய பாதையில் பதிந்த அடிகளையும் சேர்த்தேன். உப்பின் விலையை அறிந்த நமக்கு உப்பளத்தில் நிற்கும் காலின் வலி தெரியாது. அதைப் புள்ளிவிவரம் சொல்லாது, நாவல் சொல்லும்.

பதின்பருவத்தினருக்குத் தனியாகச் சில. அ. மாதவையாவின் முத்துமீனாட்சி 1903-இல் வெளிவந்தது. தங்கள் வயதில் தங்கள் கொள்ளுப்பாட்டிமார் எப்படி வாழ்ந்தனர் என்பதை அதில் காணலாம். பதினைந்து வயதுச் சிறுவனை மையமாகக் கொண்ட பூமணியின் வெக்கை, கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாத வேகம் கொண்டது. வன்முறை அதில் உண்டு. அதனால்தான் தனியே படித்து ஒதுக்காமல், படித்தபின் பெரியவருடன் அமர்ந்து பேச வேண்டும். பாமாவின் கருக்கு தன்வரலாற்றுத் தன்மை கொண்டது. சாதியின் பெயரால் ஒரு மாணவி பட்ட காயத்தை அவளுடைய வயதினரே படித்தறிவது, பள்ளியில் தம் அருகில் அமர்ந்திருப்பவரைப் புரிந்துகொள்ள உதவும்.

கதைப் புத்தகம் படித்தால் மதிப்பெண் குறையும், மனம் கெடும் என்று அஞ்சும் பெற்றோர் இன்றும் உள்ளனர். நூறு ஆண்டுகளுக்கு முன் ஜகன்மோகினியைப் பற்றிச் சொல்லப்பட்டதும் இதுவே. மாணவி விரும்பி எடுக்கும் நூல் நமக்கு மட்டமாகத் தோன்றலாம். அதைப் பிடுங்குவதைவிட, அது முடிந்ததும் அதனினும் நல்ல ஒன்றை அருகில் வைப்பதே பயன் தரும். வாசிப்பில் எவரும் உச்சியில் தொடங்குவதில்லை.

பெண்களைப் பொறுத்தவரை, நூலின் விலையைவிட நேரமே பெரிய தடை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழகப் பெண்களின் எழுத்தறிவு 73 விழுக்காடு. நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லாத நாட்டில் தொடங்கிய பயணத்தில் இது நெடுந்தொலைவு. ஆனால், எழுத்தறிந்த பெண்ணுக்கு ஒரு நாளில் தனக்கென்று அரை மணி நேரம் இருக்கிறதா என்பதை அந்த விழுக்காடு சொல்வதில்லை. நாவலைப் பரிந்துரைக்கும் ஆண்கள், அந்த அரை மணி நேரத்தில் அடுப்படியையும் பார்த்துக்கொண்டால்தான் பரிந்துரைக்குப் பொருள் உண்டு.

பொது நூலகங்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கண்டது 1948-இல் அன்றைய சென்னை மாகாணம். சொத்துவரியுடன் நூலக வரியும் நாம் செலுத்துகிறோம். கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் வாரம் ஒரு மணி நேரம், பெண்களுக்கு வசதியான பிற்பகலில், ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்கும் ஏற்பாட்டைச் செய்யலாம். இதற்குக் கட்டடமோ கணினியோ தேவையில்லை. வை.மு.கோ.வின் நாவல்களில் தேர்ந்த சிலவற்றைப் பிழையின்றி, எளிய விலையில், நல்ல முன்னுரையுடன் மறுபதிப்பாகக் கொண்டுவந்து அங்கே வைக்கலாம்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கேட்ட வரத்தை உரக்கப் படிப்பதுடன் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி படித்தாள். முதலில் தயங்கிக் கேட்டாரே, அந்தப் பெண்மணி, பூத் தொடுத்துக்கொண்டே கேட்டார். மூன்றாம் வாரம், அடுத்த அத்தியாயத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லிப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்றார். இன்னும் திருப்பித் தரவில்லை. எங்களில் யாரும் அதைக் கேட்கவும் இல்லை; கடையிலிருந்து வேறொரு பிரதி வாங்கிக்கொண்டோம்.